சாகப்போகிறவரின் உதடு

யேசுதாஸ் சாகப்போகிறார் என்கிற சேதி அந்தச் சந்து முழுக்கப் பரவ ஒரு காலைப்பொழுதுகூடப் பிடிக்கவில்லை. பரப்பியவர் யேசுதாஸேதான். டீக்கடை பெஞ்சில் குந்தி, கீழுதட்டைக் கட்டைவிரலால் பிதுக்கிக் காட்டி, "பாத்தியாபா, வந்துட்ச்சி" என்றார். என்ன வந்துவிட்டது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக மாவா என்கிற புகையிலைப் பாக்கு மென்ற வாயில் என்ன வரும் என்று ராயபுரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உதட்டில் இருந்தது கருநீலமாக ஒரு மொட்டு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. வலி இல்லை, புண் இல்லை, சீழ் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பகீரென்றுதான் இருந்தது. அவர் பெண்டாட்டி ஜூடியும் முதல் நாள் பயந்துதான் போனாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கா? கத்தி வெச்சா அது மேல பரவிடும்மே. தெரியாதா உனுக்கு? நான் இப்பிடியே போய்ச் சேர்ந்துடறேன்" என்றார் யேசுதாஸ்.

கத்தி பட்டால் பரவும் என்பதைச் சந்தில் எல்லாரும் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு இப்படி ஒரு சாக்கு கிடைத்தால் விடுவார்களா? அதற்குப் பிறகு ஜூடி அழைத்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

யேசுதாஸ் ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டியவர். கப்பல் மேல்தளத்து வெயிலில் நின்றே காலத்தைத் தள்ளி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் குந்தியவர். வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பிறகும் சரி, அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் யாரும் கிடையாது. யூனியன் கூட்டத்தில் எழுந்து நின்றால் "குந்துபா" என்று பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். மாதா கோயில் திருவிழாவில் தேர்க்கயிறு பிடிக்கப் போனால், பந்தலில் செருப்புக்குக் காவல் வைப்பார்கள். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் இப்போது அவர் வருவதைக் கண்டதுமே நாற்காலி போட்டார்கள்.

அந்த நாற்காலி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருத்தர் ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார். ஒருத்தர் சாத்துக்குடி. பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டு ஒவைஸ்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மாமு, மனசுல எதையும் வெச்சிக்காத" என்று கண் கலங்கினார். பங்குக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபிக்கிற அன்பியத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபமாலை சொன்னார்கள். யேசுதாஸ் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டார். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு, ஜன்னலைப் பார்த்து, பிறகு முடிப்பார். கோயிலுக்குப் போய், சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைபூசுதல் தனக்கு வேண்டும் என்று கேட்டார். இளவயசுச் சாமியார், அதை இப்போது நோயில்பூசுதல் என்றுதான் சொல்கிறோம், உடம்பு சரியில்லாத யாருக்கும் தரலாம், சாவுக்கென்று இல்லை என்று விளக்கினார். யேசுதாஸுக்கு அது ஏமாற்றமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, "பேரையே மாத்தி வெச்சிகீறானுங்கோ" என்று முனகினார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஜூடி பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பாள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு கேன்டீனில் அவளுக்குச் சமையல் வேலை. அடுப்பங்கரை வெக்கையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, சாகப்போகிறவருக்கு ரசம் கரைத்துத் தருவதில் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சாகப்போகிறவருக்குக் கடைசி ஆசை என்று ஒன்று வேண்டுமே. அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"என் தங்கச்சி மவன் டெரிக்குக்கு நம்ப டெபோராவ கட்டிக் குடுத்துட்டா, நான் நிம்மதியா கண்ண மூடிடுவேன்."

டெரிக் யார் என்று சொல்லிவிட வேண்டும். யேசுதாஸின் தங்கை ஆலிஸ் பெற்ற ஒரே பிள்ளை. காலையில் எழுந்திருக்கிற பழக்கம் இல்லை. அவன் பார்த்த ஒரே வேலை, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் மாவா பொட்டலம் விற்றது. அதற்காகப் புழல் ஜெயிலில் போய் இருந்துவிட்டு வந்தான். வெளியே வந்த அன்று தோஸ்துகள் மாலை போட்டு அழைத்து வந்ததை இன்னும் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். "கல்யாணம் ஆனா திருந்திடுவான்" என்று ஆலிஸ் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாவாவால் சாகிறேன் என்று சொல்லிக்கொள்கிற மனுஷன், தன் பெண்ணை மாவா விற்றவனுக்குக் கொடுக்கத் துடித்தார். இந்த அழகைச் சந்தில் ஒருத்தராவது கவனித்திருக்க வேண்டும். எல்லாரும் மூக்கைச் சிந்துவதில் மும்முரமாக இருந்தார்கள்.

டெபோரா வேறு வகைப் பெண். ரயில் ஓட்ட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். பரீட்சை எழுதி, கண் பரிசோதனை, மனநிலைப் பரிசோதனை எல்லாம் தேறி, உதவி லோகோ பைலட் வேலைக்கு உத்தரவு வாங்கிவிட்டாள். ஈரோட்டில் பயிற்சி. அதற்குப் போகாவிட்டால் இடம் போய்விடும். ஆலிஸோ, ராத்திரியில் ரயில் ஓட்டுகிற மருமகள் என் வீட்டுக்கு ஆகாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்.

"முடியாதுன்னு சொல்லேன்டி" என்றாள் ஜூடி, துணி மடித்துக்கொண்டிருந்த மகளிடம்.

"சாவப்போற மனுசன் கேக்கறாரும்மா. நாளைக்கி அவுரு போய்ட்டாருன்னா, நான் எந்த மூஞ்ச வெச்சிகினு ரயிலு ஓட்டுவேன்?"

"அந்தக் கஸ்மாலத்தோட குடும்பம் நடத்துவியா?"

டெபோரா மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் ஆலிஸ் அவசரப்படுத்தினாள். வழக்கம்போல மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. வாசிக்கும்போது யேசுதாஸ் கைக்குட்டையால் உதட்டைப் பொத்திக்கொண்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுந்து நின்றார்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஜூடி அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடி டம்ளர். அவர் உறிஞ்சும்போது டம்ளரின் விளிம்பு அந்த மொட்டின் மேல் அழுந்தியது. கண்ணாடி வழியாக ஜூடி பார்த்தாள். மொட்டைக் காணவில்லை. உதடு வெளிறித் தட்டையாக இருந்தது. டம்ளரை எடுத்ததும் மெதுவாக மறுபடி நீலமாக ஊறி எழும்பி நின்றது. அவளுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஆனால் அமுக்கினால் போய், விட்டால் வருகிற கேன்சரை அவள் கேள்விப்பட்டதில்லை. "இன்னொரு டீ குடிக்கிறியா?" என்று கேட்டு, இன்னொரு தடவையும் பார்த்தாள்.

மறுநாள் தூங்கிக்கொண்டிருந்தவரின் உதட்டைப் போனில் படம் பிடித்தாள். வியாழக்கிழமை கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்த டாக்டர் பெயர் மகிழினி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இவரு பெரிய கர்ச்சீப் வெச்சிக்கிட்டு வருவாரே? ஹார்பர்ல வின்ச்சு ஓட்டினவர்?"

ஜூடி மேஜைப் பக்கம் நெருங்கினாள். "வந்தாரா?"

"பொங்கல் கழிச்சு வந்தாரே. சோதிச்சுப் பாத்து எல்லாம் சொல்லி அனுப்பினேன். வீட்ல சொல்லலையா?"

வீட்டில் சொல்லவில்லை என்பதை ஜூடியின் முகமே சொல்லியது. டாக்டர் அவளை உட்காரவைத்து விளக்கினாள். அது கட்டியே இல்லை. உதட்டில் ஓடுகிற சின்ன ரத்தக் குழாய் ஒன்று தொய்ந்து விரிந்து, அதில் ரத்தம் குட்டை மாதிரி தேங்கி நிற்கிறது. வருஷக்கணக்காக வெயிலில் நின்றவர்களுக்கு வயசான பிறகு உதட்டிலும் காதிலும் இப்படி வரும். கண்ணாடிச் சில்லை வைத்து அமுக்கினால் ரத்தம் விலகி நிறம் போய்விடும், எடுத்தால் திரும்பி வரும். அதை முகம் பார்க்கிற கண்ணாடியில் அவருக்கே காட்டியிருக்கிறாள். அது பரவாது, கேன்சராகவும் மாறாது. அப்படியே விட்டுவிடலாம். அசிங்கமாக இருக்கிறதென்றால் லேசரில் சுருக்கிவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணுதான். அதைக் கிள்ளக் கூடாது, கடிக்கக் கூடாது, நூல் கீல் போட்டுக் கட்டக் கூடாது. உள்ள முழுக்க ரத்தம். அறுந்தா கொட்டும். அதையும் சொன்னேன். வாய்க்குள்ளயும் முழுசாப் பாத்தேன், இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மாவாவ நிறுத்தலைன்னா ஒருநாள் நெஜமாவே வரும்னு சொன்னேன். அதுக்கு மட்டும் தலைய ஆட்டல."

ஜூடி தன் வயிற்றில் இருந்த குங்குமம் மாதிரிச் சிவந்த சின்னப் புள்ளிகளையும் காட்டிக் கேட்டாள். அதுவும் ரத்தக் குழாய்தான், நாற்பதைத் தாண்டினால் பாதிப் பேருக்கு இருக்கும், கவலையே வேண்டாம் என்றாள் டாக்டர். குழந்தைகளுக்கு முகத்தில் சிவப்பாகத் தடித்து வந்து தானாகவே அமுங்கிப் போவதும் இந்தச் சாதிதான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஈறில் சிவப்பாகச் சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வருவதும் அப்படித்தான், பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும்.

ஜூடிக்கு எதிர்வீட்டு மாயா நினைவு வந்தது. மாயா மாசமாக இருந்தபோது பல் விளக்கினால் ரத்தம் வந்தது. திருட்டுத்தனமாக மாவா போடுகிறாள் என்று அவள் மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தி, அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்தினாள். சந்தே அதை நம்பியது. பிள்ளை பிறந்து, ஈறு சரியாகி, மாயா திரும்பி வந்தபோது ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு மன்னிப்பு வரவில்லை. மாவா போடாதவளைப் போடுகிறாள் என்றார்கள். போட்டவனுக்கோ ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். இந்தச் சந்தின் புத்தி அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குக் கோபம் எல்லை மீறிப்போய், ஒருவிதமான நிதானம் வந்துவிட்டது. டெபோராவிடம் இன்றைக்கே சொல்லலாமா என்று யோசித்தாள். அவள் அப்பன் செல்லம், நம்பமாட்டாள். ஆலிஸ் என்ன சொல்லுவாள் என்பதும் தெரியும். பெண் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு, சாகிற புருஷன் மேலேயே பழி போடுகிறாள் என்பாள். அவரிடமே நேரில் கேட்டாலோ, அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார். வேண்டாம். எந்தக் கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாரோ, அதே கூட்டத்துக்கு முன்னால், அவர் வாயாலேயே வர வேண்டும். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசித்தார்கள். ஜூடி பூசை முழுக்க யேசுதாஸின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொடுங்கள், நன்றாகத் தொடுங்கள், இன்னும் ரெண்டே நாள்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் டெபோரா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். ஜூடியின் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். ஜூடி அன்று காலையிலேயே தன் அண்ணன் ஸ்தனிஸுக்குப் போன் போட்டிருந்தாள். ஸ்தனிஸ் காசிமேட்டில் விசைப்படகுக்காரர். கடலுக்குப் போகாத நாட்களில் அவருக்கு ஒரு கைவேலை உண்டு. ஊரில் யாருக்கு மரு வந்தாலும், மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பில் மெல்லிசாக ஒன்றை எடுத்து, சுருக்குப் போட்டு மருவின் கழுத்தில் இறுக்கிக் கட்டிவிடுவார். அது காய்ந்து கறுத்து உதிர்ந்துவிடும். அவர் கட்டாத கழுத்தும் கக்கமும் அந்தப் பக்கத்தில் குறைவு. யேசுதாஸின் உதட்டைப் பார்த்த நாள் முதலே அவருக்குக் கை ஊறியது. யேசுதாஸ்தான் ஒவ்வொரு தடவையும் நழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் கட்டக் கூடாது என்று சொன்னது ஜூடிக்கு மறக்கவில்லை. ஆனால் தங்கூசி உதட்டைத் தொடுகிற வரைக்கும் போகாது என்று அவளுக்கு நிச்சயம். புருஷனின் வீரத்தை முப்பது வருஷமாகப் பார்த்தவள்.

ஜெபமாலை முடிந்தது. பிஸ்கட்டும் டீயும் வந்தன. நடுவில் நாற்காலியில் யேசுதாஸ். ஆலிஸ், டெரிக், ஒவைஸ், சந்துக்காரர்கள் எல்லாரும் சுற்றிலும். ஜூடி எழுந்து நின்றாள். குரலில் தேன் ஒழுகியது.

"எல்லாரும் கீறீங்கோ. ஒரு விசயம் சொல்றேன். இவுரு ஆஸ்பத்திரி வேணாம்னாரு. சரி. கத்தி வேணாம்னாரு. அதுவும் சரி. ஆனா எங்க அண்ணன் கையில கத்தி இல்ல, நரம்புதான் கீது. சாமியக் கும்புட்டுகினு ஒரு சுருக்கு போட்டுடலாம். போறது போவட்டும்."

"அதான் சரி!" என்று ஒவைஸ் தொடையைத் தட்டினார். "இத்த மொதல்லயே செஞ்சிருக்கலாமே!"

"ஆமாண்ணே" என்றாள் ஆலிஸ். "காஞ்சி வுழுந்துட்சின்னா, கல்யாண போட்டோவுலயும் சோக்கா இருப்ப."

யேசுதாஸ் சிரிக்கப் பார்த்தார். "இன்னிக்கி இன்னாத்துக்கு மச்சான்? இன்னொரு நாளு பாத்துக்கலாம். நான்தான் போவப் போறேனே."

"போறதுக்கு முன்னாடி கட்டிட்டுப் போ மாப்ள" என்றார் ஸ்தனிஸ், மனசார. தங்கூசியை எச்சில் தொட்டு நீவிச் சுருக்குப் போட்டார். கைதேர்ந்த ஆள், வேலை சுருக்காக நடந்தது. அன்பு மிகுதியில் இரண்டு பேர் யேசுதாஸின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் தலையைப் பின்னால் சாய்த்தார். யாரோ "பரலோகத்தில் இருக்கிற" என்று தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுருக்கு உதட்டை நோக்கி இறங்கியது.

"யோவ், வுடுயா!" யேசுதாஸ் நாற்காலியோடு துள்ளினார். இத்தனை நாளும் தாழ்ந்திருந்த குரல் பழைய வின்ச்சுக்காரக் குரலாகத் திரும்பி வந்தது. "ரத்தக் கொழாயா அது! கட்டுனா பீச்சிகினு அடிக்கும்! கட்டவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிகீது!"

ஜெபம் பாதியில் நின்றது.

"எந்த டாக்டரம்மா அண்ணே?" என்று கேட்டவள் ஆலிஸ். பாவம், அவள் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள்.

யேசுதாஸ் கைக்குட்டையைத் தேடினார். ஜூடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப கேன்சரு இல்லியா?" என்றார் ஒவைஸ்.

"கேன்சருன்னு நான் எப்பயா சொன்னேன்? வந்துட்ச்சின்னுதானே சொன்னேன். நீங்களாத்தான்…"

அந்த வாக்கியத்தை யாரும் முடிக்க விடவில்லை. தோளைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். ஒவைஸ், தான் கண் கலங்கியது வீண்போன ஆத்திரத்தில், எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு பொம்பளை, போகிற போக்கில், தான் அன்றைக்குக் கொண்டுவந்திருந்த சாத்துக்குடிப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். ஸ்தனிஸ் மட்டும் கையில் சுருக்கை வைத்துக்கொண்டு, "அப்ப கட்ட வேணாமா?" என்று எல்லார் முகத்தையும் பார்த்தார். ஜூடிக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை.

ஆலிஸ்தான் முதலில் தேறினாள். "இன்னா இப்போ, எல்லாம் நல்லதுக்குத்தான். எங்க அண்ணன் நல்லா கீறாரு. கல்யாணத்த சந்தோசமா பண்ணிக்கலாம்."

அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்த டெபோரா முன்னால் வந்தாள்.

"நைனா, டாக்டர்கிட்ட எப்பப் போன?"

"அது வந்து…"

"மொதல் ஓலைக்கி முன்னாடியா, பின்னாடியா?"

யேசுதாஸ் தரையைப் பார்த்தார். "முன்னாடி" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "நாலு பேரு நம்பள மதிக்கிறானுங்கோ, அத்த வுட மனசு வர்ல. அவ்ளோதான் கண்ணு" என்றார். அது மட்டும் பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டு இரக்கப்படுகிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

டெபோரா நேராகக் கோயிலுக்குப் போய், தனக்குச் சம்மதம் இல்லை, மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஆலிஸ் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்திவிட்டுப் போனாள். டெரிக், சூழ்நிலை புரியாமல், மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு அவள் பின்னாலேயே போனான்.

ஜூடி அடுப்பங்கரையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் தானாகவே ஒரு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. டெபோரா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"யம்மா, மாமாவ நீதானே வரச்சொன்ன?"

"நானேதான்" என்றாள் ஜூடி, திரும்பாமலே. "உங்கப்பன் வாயாலயே வரவெச்சேன் பாத்தியா? டாக்டரம்மாவ நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்டி. வியாழக்கெழமயே எல்லாம் தெரியும் எனுக்கு."



"ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை வாசிச்சாங்கோ" என்றாள் டெபோரா. "நான் அழுதுகினு இருந்தேன். நீ என் பக்கத்துலதான் குந்திகினு இருந்த."

ஜூடி திரும்பினாள். கையிலிருந்து சோப்புத் தண்ணீர் வடிந்தது. "சொன்னா நீ நம்பியிருக்கமாட்டடி. நீ அப்பன் பொண்ணு."

"சொல்லிப் பாத்தியா?"

ஜூடிக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆலிஸ் என்ன சொல்லியிருப்பாள், அவர் எப்படி மழுப்பியிருப்பார், இதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதெல்லாம். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றையும் யோசித்து வைத்திருந்தாள். ஆனால் மகள் கேட்டது அதையெல்லாம் இல்லை. சொல்லிப் பார்க்கவில்லை. டெபோரா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஈரோட்டுக்குக் கிளம்புகிற அன்று காலையில் ஜூடி புளிச்சோறு கட்டி, புதுப் புடவை உடுத்தி, ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக நின்றாள். யேசுதாஸும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து நின்றார். ஸ்தனிஸ் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். டெபோரா சோற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கோபமாகவே இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"மாமா வரட்டும். நீங்க ரெண்டு பேரும் வர வேணாம்."

ஆட்டோ சந்து முனை திரும்பிப் போயிற்று. யேசுதாஸ் உதட்டைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"வுடுமே. நம்ப பொண்ணுதானே. நம்ப ரெண்டு பேரு மேலயும் அதுக்குக் கோவம் ரொம்ப நாளிக்கி நிக்காது."

நம்ப ரெண்டு பேரு. எதிர்வீட்டு வாசலில் மாயா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அந்த மனுஷனை ஒரு ஆளாகவே மதிக்காமல் இருந்தவள் ஜூடி. தன்னையும் அவரையும் யாராவது ஒன்றாகச் சேர்த்துப் பேசினால் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். இன்றைக்குப் புதுப் புடவையோடு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.